பக்கம் பாத்து எழுது, பேராண்டி

ஏலே பேராண்டி, அந்தச் சொல்ல இன்னொரு தடவ சொல்லு பாப்போம். அவசரப்படாத. சர்… கம்… ஸ்பெக்ட்… லி. ஆங், வந்துட்டு. ஆனா நீ ‘ஸ்பெக்ட்’ல போயி ஏறி நிக்கே. அங்கன ஏறப்படாது. மொத ‘சர்’லயே அழுத்தத்தக் குடுத்துட்டு மிச்சத்த வாய்க்குள்ளயே முடிச்சிரணும். வெள்ளக்காரன் வாயில அந்தக் ‘கம்’மு பாதிதான் வெளிய வரும். நீ அதக் கூப்பிட்டு உக்கார வச்சு எல போட்டுப் பரிமாறுதே.

உள்ள இருந்து ஒங்க ஆச்சி எட்டிப் பாக்கா. “என்ன, புள்ளைக்கு மந்திரிக்கேகளா?”ன்னு கேக்கா. மந்திரிக்கத்தான் வேண்டியிருக்கு. ஒன் போன வாங்கிப் பாத்தேன்லா, ஒன் மேனேஜருக்கு நீ எழுதின லீவு லெட்டரு. ‘ஐ சர்கம்ஸ்பெக்ட்லி ரெக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ டூ டேஸ் லீவ்.’ எனக்குச் சிரிப்பு வரல, பயந்தான் வந்துச்சு. ‘முன்னாடி பின்னாடி, இடது வலது எல்லாம் பாத்து, என்ன வரும் ஏது வரும்னு கணக்குப் போட்டு, ஒங்ககிட்ட ரெண்டு நாள் லீவு கேக்கேன்’னு எழுதியிருக்கே. படிக்கிற மனுசன் என்ன நெனைப்பான்? பய வேற கம்பெனிக்கு இண்டர்வியூவுக்குக் கெளம்பிட்டான்னு நெனைப்பான். கொழுந்தியா மவளுக்குக் காது குத்தப் போறவன் எதுக்குலே அக்கம்பக்கம் பாக்கணும்?

என்ன சொன்னே? ‘ரெஸ்பெக்ட்ஃபுல்லி’ன்னுதான் எழுதினியா? போன்ல இருக்கிற ஆப்பு இதப் போட்டா இன்னும் கெத்தா இருக்கும்னு சொல்லிச்சா? பேரயே ஆப்புன்னு வச்சிருக்கான், அப்பவும் ஒனக்குப் புரியலயே.

நான் காலேஜ் வாசல மிதிச்சவன் இல்ல. மிஷன் ஸ்கூல்ல வேதபாடம் ஒப்பிச்சது பாதி, வக்கீல் குமாஸ்தாவா முன்சீப் கோர்ட்டுல உக்காந்து பிராதும் வக்காலத்தும் எழுதினது பாதி. அதனால எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல பாதி சாமி கும்பிடும், பாதி சண்ட போடும். ஒனக்கு வேண்டியது இந்தச் சொல்லு மட்டுந்தான? அது ரெண்டு பக்கமும் பழக்கப்பட்ட சொல்லு. உக்காரு, சொல்லுதேன்.

லத்தீன்ல ‘சர்கம்’னா சுத்தி. ‘ஸ்பெக்கெரே’ன்னா பாக்கிறது. சேத்தா, சுத்திப் பாத்து. அம்புட்டுத்தான். இது பயந்து செய்யிறதுன்னு நீ நெனைச்சுக்கிட்டிருந்தா அத மாத்திக்கோ.

ஒங்க பூட்டன் மாட்டுத்தாவணிக்குக் காள வாங்கப் போவாக. நேரா காளைகிட்டப் போக மாட்டாக. தள்ளி நின்னு ஒரு வெத்தலையப் போடுவாக. பெறகு ஒரு சுத்து. சுழி எங்கன விழுந்திருக்குன்னு பாப்பாக. வாயப் பிடிச்சுப் பல்லப் பாப்பாக. வாலத் தூக்கிப் பாப்பாக. நாலடி நடக்க விட்டுக் கொளம்பப் பாப்பாக. காளையப் பாத்து முடிஞ்சதும் விக்கிறவன் மொகத்தப் பாக்க ஆரம்பிப்பாக. இவன் எதுக்கு விக்கான்? கடனா, இல்ல காள முட்டுதா? கூட நிக்கிற தரகன் யாரு ஆளு? இத ஓட்டிக்கிட்டு ஊருக்குள்ள போனா எவன் சிரிப்பான்? அம்புட்டையும் பாத்துட்டுத்தான் வெல பேச துண்டுக்குள்ள வெரலக் குடுப்பாக. அதுதாம்லே சர்கம்ஸ்பெக்ட்லி. காளையக் கண்டு ஓடுறதும் இல்ல, கண்ண மூடிக்கிட்டு வாங்குறதும் இல்ல. ஒரு காரியத்துல எத்தன பக்கம் உண்டோ அத்தன பக்கமும் பாத்துட்டு, அப்புறமா வாயத் தொறக்கது, கைய நீட்டுறது.

நம்ம ஊருல இதுக்கு ஒரு சொலவட இருக்கு. பகல்ல பக்கம் பாத்துப் பேசு, ராத்திரியில அதுவும் பேசாத. லத்தீன்காரன் ரெண்டு சொல்ல ஒட்டிச் செஞ்சத நம்ம கிழவிக ‘பக்கம் பாத்து’ன்னு முடிச்சிட்டாளுக. திருவள்ளுவரு ‘தெரிந்துசெயல்வகை’ன்னு 47ஆவது அதிகாரத்தையே இதுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காரு. நீ ஸ்கூல்ல அதுல ரெண்டு கொறள மனப்பாடம் செஞ்சு மார்க்கும் வாங்கினே. வாங்கி என்ன செய்ய, ஆப்பு சொன்னதத்தான கேட்டே.

இந்த ‘ஸ்பெக்’குக் குடும்பம் நம்ம ஊருக்குள்ள எப்பவோ குடியேறிட்டு, ஒனக்குத்தான் தெரியல. இன்ஸ்பெக்டரு உள்ள பூந்து பாக்கிறவரு. சஸ்பெக்டு, கீழ்க்கண்ணால பாக்கப்படுறவன். ரெஸ்பெக்டுன்னா திரும்பிப் பாக்கிறது, பெரிய மனுசன் தெருவுல போனா ஒருக்கா திரும்பிப் பாக்கோம்லா. எக்ஸ்பெக்டுன்னா வாசல எட்டிப் பாக்கிறது; ஒங்க ஆச்சி என் பென்சனப் பாக்கிறது அதுல சேரும். டெஸ்பைஸ்னா மேல நின்னு கீழ பாக்கிறது, அதுவும் ஒங்க ஆச்சிதான். என் மூக்கு மேல இருக்கிற ஸ்பெக்ஸும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

அதே குடும்பத்துல கல்யாணப் பத்திரிக்கையில வார ஒருத்தன் இருக்கான், ‘ஆஸ்பிஷியஸ்’. ‘ஏவிஸ்’னா லத்தீன்ல பறவ. பறவையப் பாத்துக் குறி சொல்லுறதுதான் அவனுக்கு மூலம். நம்ம ‘சகுனம்’ மட்டும் என்னன்னு நெனைக்கே? வடமொழியில ‘சகுன’ன்னா பறவதான். ரோமாபுரிக்காரனும் காசிக்காரனும் ஒருத்தன ஒருத்தன் கேக்காமலே காக்காயையும் கழுகையும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னிருக்கான்.

பறவன்னதும் ஒரு கோழிக் கத ஞாவகம் வருது. கி.மு. 249. ரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் சண்ட. சிசிலித் தீவுல ட்ரெபானான்னு ஒரு தொறமொகம், இப்ப அதுக்குத் திராபானின்னு பேரு. ரோமாபுரிக் கப்பப்படைக்கு கிளாடியஸ் புல்கர்னு ஒரு கான்சல் தலைவரு. அந்தக் காலத்துல கப்பல்ல கூண்டுக்குள்ள கோழி கொண்டு போவாக, கொழம்பு வைக்க இல்ல, சகுனம் பாக்க. தீனி போட்டதும் பாய்ஞ்சு தின்னுச்சுன்னா சண்ட ஜெயம். அன்னைக்குக் கோழி தின்னல. நம்மாளு என்ன செஞ்சாரு? தின்னாட்டா குடிக்கட்டும்னு கூண்டோட கடல்ல வீசிட்டாருன்னு பழைய ஆளுக எழுதி வச்சிருக்காக. சண்டையில 90க்கு மேல கப்பல் எதிரி கையில போச்சு. ஊருக்குத் திரும்பினவருக்கு வழக்கு, அபராதம்.

கோழிச் சகுனத்துல எனக்கு நம்பிக்க கெடையாது. கப்பல்ல ஏறினா கோழிக்கும் வயித்தப் பெரட்டத்தான் செய்யும். ஆனா துடுப்புப் போடுறவன் அம்புட்டுப் பேரும் நம்புதான்லா? அவன் மொகம் செத்துப் போறதப் பாக்காம கோழியத் தூக்கி எறிஞ்சாரு பாரு, அதுதான் இந்தச் சொல்லுக்கு நேர் எதுக்க. நீ பண்ணப் போற காரியம் சரியா தப்பாங்கிறது மட்டும் கணக்கு இல்ல. பக்கத்துல நிக்கிறவன் அத எப்படி எடுத்துக்கிடுவாங்கிறதும் சேத்தி. ‘கேர்ஃபுல்லி’யில இந்தப் பக்கத்தாளு இல்ல. ‘சர்கம்ஸ்பெக்ட்லி’யில இருக்கான்.

இப்ப கோர்ட்டுப் பக்கம் வருவோம், என் பேட்டை. இங்கிலாந்துல மொத எட்வர்டு ராஜா காலத்துல, 1286 வாக்குல, ஒரு உத்தரவு போச்சு. அதுக்குப் பேரே ‘சர்கம்ஸ்பெக்டே அகாட்டிஸ்’. நம்ம சொல்லோட லத்தீன் வடிவம்தான் அது; ‘பக்கம் பாத்து நடந்துக்கோங்க’ன்னு அர்த்தம். உத்தரவு யாருக்கு? ராஜாவோட ஜட்ஜுமாருக்கு. விசயம் என்னன்னா, நார்விச்சு பிஷப்பும் அவரு பாதிரிமாரும் சர்ச்சுக் கோர்ட்டுல வழக்கு விசாரிச்சுக்கிட்டிருந்தாக. எவன் எவ வீட்டுக்குப் போனான், கல்லறைத் தோட்டத்துக்கு வேலி போடாம விட்டது யாரு, கோயிலுக்குக் கூர மேயாம விட்டது யாரு, தசமபாகம் கட்டாதவன் யாரு, இப்படி. ராஜா கோர்ட்டு ஜட்ஜுமாருக்கு அதுல ரோசம். இது எங்க எல்லைன்னு பாதிரிமாரப் பிடிச்சு இழுக்காக. ராஜாவுக்கு ரெண்டு பக்கமும் வேணும். அதனால, பிஷப்பு விசயத்துல கொஞ்சம் சுத்திப் பாத்து நடந்துக்கோங்கய்யா, ஆன்மா சம்பந்தப்பட்ட வழக்க அவுக விசாரிச்சா அதுக்காக அவுகளத் தண்டிக்காதீகன்னு எழுதி விட்டாரு.

குமாஸ்தா கண்ணால படிச்சா அதுக்கு ஒரே அர்த்தந்தான். கை வைக்காதே. நேரடியா ‘கை வைக்காதே’ன்னு சொன்னா ஜட்ஜு கோவிச்சுக்கிடுவாரு, ‘பக்கம் பாத்து’ன்னு சொன்னா ஜட்ஜுக்கும் மரியாத, ராஜாவுக்கும் காரியம். ஏழு நூறு வருசத்துக்கு மேல ஆகியும் அந்த வாசம் இந்தச் சொல்ல விட்டுப் போகல. மேலதிகாரி ஒருத்தரு ‘இந்த விசயத்துல சர்கம்ஸ்பெக்ட்டா இருங்க’ன்னு எழுதினா, அந்த ஃபைல மேசையில வச்சுட்டு டீக் குடிக்கப் போயிரணும். நீயா அத ஒன் மேனேஜருக்கு எழுதினா, அவருக்கே நீ எச்சரிக்க குடுக்க மாதிரி ஆயிருது. புரியுதா, நீ என்ன செஞ்சிருக்கேன்னு?

ராஜா கத கெடக்கட்டும். இந்தச் சொல்ல இங்கிலீசுக்காரன் வீடு வீடாக் கொண்டு போயி சேத்தது பைபிளு. எபேசியருக்கு எழுதின நிருபம், 5ஆம் அதிகாரம், 15ஆம் வசனம். ஞானத்தோட நடந்துக்கோங்கன்னு பவுலு சொல்லுத எடம். எங்க வாத்தியாரு பெரம்ப வச்சுக்கிட்டு ஒப்பிக்கச் சொல்லுவாரு. ஒன்ன மாதிரிதான் நானும் ‘ஸ்பெக்ட்’ல ஏறி நின்னேன், இறக்கி விட்டாரு. நம்ம பழைய தமிழ் பைபிள்ல அந்த எடத்துல ‘கவனமாய்’னு இருக்கும். கிரேக்க மூலத்துல ‘அக்ரிபோஸ்’, நுணுக்கம் தப்பாமன்னு பொருளு. லத்தீன் பைபிள்ல ‘காவ்டே’, எச்சரிக்கையா. அந்த லத்தீனப் பாத்து 1380கள்ல விக்ளிஃப் ஆளுக இங்கிலீசுல எழுதினப்போ ‘வேரிலி’ன்னு அவுக ஊருச் சொல்லையே போட்டாக. வேலி தாண்டாத சொல்லு, வெவசாயிக்குப் புரியும்.

பெறகு வந்தாரு வில்லியம் டிண்டேல். குளோஸ்டர்ஷயர் ஆளு, மெத்தப் படிச்சவரு. ஏரோட்டுற பையன் பாதிரியவிட வேதம் அறிஞ்சவனா ஆகணும்னு சபதம் போட்டவரு. இங்கிலாந்துல எடம் குடுக்கல, ஜெர்மனிக்குப் போயி 1526ல வோர்ம்ஸ் பட்டணத்துல புதிய ஏற்பாட்ட அச்சடிச்சு, துணி மூட்டைக்குள்ள ஒளிச்சு ஊருக்கு அனுப்பினாரு. லண்டன் பிஷப்பு அத வாங்கி வாங்கிக் கொளுத்தினாரு. சரி, ஏரோட்டுற பையனுக்காக இம்புட்டுப் பாடுபட்ட மனுசன் அந்த வசனத்துல என்ன போட்டாரு? ‘சர்கம்ஸ்பெக்ட்லி’! ஏரோட்டுறவன் கலப்பைய நிறுத்திப்போட்டு யோசிச்சிருப்பான். எனக்கு அவரு மேல கொள்ளப் பிரியம், ஆனா இந்த ஒரு எடத்துல விக்ளிஃபு பக்கந்தான் ஓட்டு.

அதவிடக் கேளு. டிண்டேல் ஆண்ட்வெர்ப்புல தாமஸ் பாயிண்ட்ஸ்னு ஒரு இங்கிலீசு வியாபாரி வீட்டுல ஒளிஞ்சு தங்கியிருந்தாரு. அங்கன ஹென்றி பிலிப்ஸ்னு ஒரு இளவட்டம் வந்து சேந்தான். நல்ல குடும்பம், நல்ல சட்ட, நல்ல பேச்சு. அப்பன் குடுத்த காசச் சூதாடித் தோத்துட்டு வந்தவன். டிண்டேலுக்கு அவனப் பிடிச்சுப் போச்சு. வீட்டுக்குக் கூட்டியாந்து சோறு போட்டு, புஸ்தகத்தையெல்லாம் காட்டினாரு. பாயிண்ட்ஸுக்கு மட்டும் சந்தேகம், ‘இந்தப் பய ஆளு எப்படி?’ன்னு கேட்டாரு. வியாபாரிக்கு நாலு பக்கமும் கண்ணு. வேதக்காரருக்கு ரெண்டே கண்ணு, அதுவும் புஸ்தகத்து மேல. நல்ல பையன், படிச்ச பையன்னு சொல்லிட்டாரு.

1535 மே மாசம். பாயிண்ட்ஸு வெளியூரு போன நேரம் பாத்து பிலிப்ஸு வந்தான். வந்ததும் பர்ஸு தொலைஞ்சு போச்சுன்னு நாப்பது சில்லிங்கு கைமாத்துக் கேட்டான். குடுத்தாரு! பெறகு சாப்பிடப் போவோம்னு ரெண்டு பேரும் கெளம்பினாக. பாயிண்ட்ஸு வீட்டுல இருந்து வெளிய வார சந்து ஒத்தடிப் பாத, ஒருத்தருக்குப் பின்னாலதான் ஒருத்தரு போகணும். டிண்டேல் நீ முன்னால போன்னாரு. ஐயய்யோ, பெரியவுக நீங்கதான் முன்னால போகணும்னு பிலிப்ஸு பின்னால நின்னுக்கிட்டான். என்ன மரியாத பாரு! டிண்டேல் குட்டையான ஆளு, பிலிப்ஸு நெட்டையன். சந்து வாசல்ல ரெண்டு காவக்காரன் காத்துக்கிட்டிருக்கான். பின்னால இருந்து தலைக்கு மேல வெரல நீட்டி, இந்த ஆளுதான்னு காட்டிக் குடுத்தான். ஜான் ஃபாக்ஸ்னு ஒருத்தரு அந்த வெரல் உட்பட எழுதி வச்சிருக்காரு. பிடிச்சுக் கொண்டு போயி ப்ரஸ்ஸல்ஸ் பக்கத்துல வில்வோர்டு கோட்டையில ஒரு வருசத்துக்கு மேல அடைச்சு, 1536 அக்டோபர்ல கழுத்த நெரிச்சுக் கொன்னு, ஒடம்ப எரிச்சாக.

இந்தச் சொல்ல இங்கிலீசு பைபிளுக்குள்ள கொண்டு வந்த மகராசன் அதத் தன் வீட்டு வாசல்ல ஒருதரம் செஞ்சு பாக்கல. நான் கேலி பண்ணல. உசுரக் குடுத்த மனுசன அப்படிப் பேசினா நாக்கு அழுகிரும். நல்லவுகளுக்குச் சுத்திப் பாக்க வராது, அதுதான் விசயம். நமக்கு வருதுன்னா நாம எந்தக் கட்சின்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. 1611ல ஜேம்ஸ் ராஜா போட்ட பைபிள்ல டிண்டேலோட வாசகத்த ஏகத்துக்கும் எடுத்துக்கிட்டாக. இந்தச் சொல்லும் அப்படியே ஒட்டிக்கிட்டு வந்து, கடல் தாண்டி, எங்க வாத்தியாரு பெரம்பு வழியா எனக்கு வந்து சேந்துச்சு.

இனி இதோட பங்காளிகளச் சொல்லிருதேன், இல்லாட்டி அடுத்த லெட்டர்ல வேற எதையாச்சும் எடுத்துப் போடுவே. ‘வேரிலி’ சந்தேகத்தோட வருது. தெரியாத நாய் தெருவுல படுத்திருந்தா நீ எப்படிக் கடக்கியோ அது. ‘ப்ரூடண்ட்லி’ நாளைக்கு என்னங்கிற யோசன, பெரும்பாலும் காசு விசயம். ‘டிஸ்க்ரீட்லி’ மத்தவன் கண்ணுல படாம செய்யிறது. சீட்டுப் பணத்த ஒங்க ஆச்சி அரிசிப் பானைக்குள்ள வைக்கிறா பாரு. ‘காஷஸ்லி’ பொதுவானது, ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சு பைய அடி எடுத்து வைக்கிறது.

அந்தக் ‘காஷனு’க்குத் தாய் லத்தீன்ல ‘காவெரே’. அதுல பொறந்த ஒன்னு நம்ம பட்டிக்காடு வரைக்கும் வந்துட்டு. கேவியட்டு! சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவு, 1976 திருத்தத்துல நொழைஞ்சது. என்னைக் கேக்காம எதிராளிக்கு உத்தரவு போட்ராதீகன்னு கோர்ட்டுல முன்கூட்டியே போட்டு வைக்கிற மனு. உசுரு 90 நாளு. அப்பன் கண்ண மூடினா பதினாறாம் நாள் காரியம் முடியிறதுக்குள்ள அண்ணன் ஒரு வக்கீலு ஆபீஸுல, தம்பி எதுத்தாப்புல இன்னொரு ஆபீஸுல. ரெண்டு பேரும் ஒரே டீக்கடையில முழிச்சுக்கிட்டு நிப்பாக. ‘சும்மா, ஒரு சர்டிஃபிகேட் விசயமா வந்தேன்.’ ‘நானும் அதுக்குத்தான்.’ அந்த நேரத்துல ரெண்டு பேரும் பேசினது பூராவும் சர்கம்ஸ்பெக்ட்லி. ஒரு சொல்லு கூடுதல் இல்ல.

‘ஜிஞ்சர்லி’ன்னு ஒன்னு இருக்கு, அதச் சொல்லாம விட்டா என் நாக்குக்குப் பொறுக்காது. கொதிக்கிற பால்சட்டியப் பிடிக்கிறது, கால்ல முள்ளு தச்சவன் நடக்கிறது, இதுக்கெல்லாம் வார சொல்லு. கேட்டதும் இஞ்சின்னு நெனைப்பே. இல்ல. பழைய பிரெஞ்சுல நளினம்னு பொருள் தார ஒரு சொல்லுல இருந்து வந்திருக்கலாம்னு படிச்சவுக சொல்லுதாக. மொதல்ல ஆட்டக்காரி பதனமா அடி வைக்கிறதத்தான் அப்படிச் சொன்னாகளாம். ஆனா கடையில விக்கிற ‘ஜிஞ்சர்’ இருக்கே, அது நம்ம பக்கத்து இஞ்சி வேருதான். பாலியில ‘சிங்கிவேர’, கிரேக்கத்துல ‘சிங்கிபெரிஸ்’, லத்தீன் வழியா இங்கிலீசுக்கு. நம்ம சரக்கு அம்புட்டுத் தூரம் போயும், அதே ஓசையில பக்கத்துல நிக்கிற ‘ஜிஞ்சர்லி’க்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. ஒரே இனிஷியல் வச்சிருக்கிறவனெல்லாம் பங்காளி ஆயிர முடியுமா?

‘சர்கம்’ பக்கத்து ஒறவுல ஒருத்தன் மட்டும் ஆபத்தானவன், ‘சர்கம்லோகியூஷன்’. சுத்தி வளைச்சுப் பேசுறது. சார்லஸ் டிக்கன்ஸு 1855ல இருந்து 1857 வரைக்கும் தொடரா எழுதின ‘லிட்டில் டோரிட்’ நாவல்ல அந்தப் பேருல ஒரு சர்க்காரு ஆபீஸையே தொறந்து வச்சிருக்காரு. ஒரு காரியத்த எப்படிச் செய்யாம இருக்கிறதுங்கிறதுல கரை கண்ட ஆபீசு. டிக்கன்ஸும் 1827ல சின்னப் பையனா லண்டன்ல வக்கீல் ஆபீஸு குமாஸ்தாவா இருந்தவருதான், எங்க ஆளு. அதனாலதான் அம்புட்டுத் தெளிவா எழுத முடிஞ்சிருக்கு. இதுல நீ தெரிஞ்சுக்கிட வேண்டியது ஒன்னு. சுத்திப் பாத்துட்டு நேராப் பேசுறவன் ஒருத்தன். ஒன்னையும் பாக்காம சுத்திச் சுத்திப் பேசுறவன் இன்னொருத்தன். ஒன் லீவு லெட்டருல ரெண்டாவது ஆளுதான் உக்காந்திருக்கான்.

அப்ப எங்கன போடலாம்னு கேக்கே. பேச்சு, நடத்த, பதிலு, முடிவு, இந்த நாலு விசயத்துல போடு. அதுவும் பல பேரு கண்ணு மேல இருக்கிறப்போ. பத்திரிக்கக்காரன் குடஞ்சு குடஞ்சு கேட்டும் மந்திரி பிடி குடுக்காமப் பதில் சொன்னாருன்னா, ‘தி மினிஸ்டர் ரிப்ளைட் சர்கம்ஸ்பெக்ட்லி’. சரியா உக்காருது. பாகப்பிரிவினைக்கு மாமனாரு வீட்டுல எல்லாரும் கூடியிருக்கப்போ நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்து, கேட்டதுக்கு மட்டும் ரெண்டு வார்த்த சொன்னா, ‘ஹீ பிஹேவ்ட் சர்கம்ஸ்பெக்ட்லி’. ரொம்பச் சரி. நீ செய்ய மாட்டே, அது வேற.

பஸ்ஸுல ‘ட்ரைவ் சர்கம்ஸ்பெக்ட்லி’ன்னு எழுதப்படாது, டிரைவரு சுத்திப் பாத்துக்கிட்டே வாய்க்கால்ல விட்ருவாரு. பால்சட்டிக்குக் கெடையாது. ஆசுபத்திரியில டாக்டரு ‘காஷஸ்லி ஆப்டிமிஸ்டிக்’னு சொன்னா, அந்த எடத்துல இதத் தூக்கி வைக்க முடியாது. கெஞ்சுறதுக்கும், நன்றி சொல்லுறதுக்கும், வாழ்த்துக்கும் இது ஆகவே ஆகாது. பொண்டாட்டி பொறந்தநாளுக்கு ‘ஐ சர்கம்ஸ்பெக்ட்லி லவ் யூ’ன்னு அனுப்பிப் பாரு, பெறகு இங்கன வந்து தாத்தான்னு அழாத.

இன்னொன்னு. இந்த ‘லி’ வால வெட்டிட்டு ‘சர்கம்ஸ்பெக்ட்’னு மட்டும் எழுதினா இன்னும் லேசா இருக்கும். ‘பீ சர்கம்ஸ்பெக்ட் அபௌட் இட்’னா இங்கிலீசுக்காரனே சாதாரணமா எழுதுத வாசகம். வாலோட எழுதினா கோட்டு மாட்டின கணக்கு. அகராதியிலயே இது எழுத்து வழக்கு, மரியாத வழக்குன்னுதான் சேத்தி, வாசத் திண்ணையில பேசுற சொல்லு இல்ல. வருசத்துக்கு ஒருக்கா எடுத்தாப் போதும்.

சந்தேகம் வந்தா ‘கேர்ஃபுல்லி’ன்னு எழுதிட்டுப் போ. கௌரவக் கொறச்சல் ஒன்னும் இல்ல. டிண்டேலு உசுரக் குடுத்து உள்ள வச்ச அந்த வசனத்துல, இன்னைக்கு இங்கிலீசுக்காரன் கையில எடுக்கிற புது மொழிபெயர்ப்பு பலதுல ‘கேர்ஃபுல்’லும் ‘கேர்ஃபுல்லி’யுந்தான் இருக்கு. பைபிளே எறங்கி வந்துட்டு, ஒன் ஈமெயிலு எறங்கப்படாதா?